மாஸ்டர் வண்டி

திங்கள், ஜூன் 9

உறுதியானது: கெலாடி ஸ்டேஷன் திறப்புக்கு அனுமதி. சனி 21, காலை பத்து மணி. ஆதாரம்: ரயில் நிர்வாகத்தின் கடிதம். செல்வநாதன் கையில் இருந்தது, இரண்டு பக்கமும் நானே படித்தேன். முத்திரை உண்டு, கையெழுத்து உண்டு.

காலை மூட்டம். பெடாஸ் சாலையில் செம்பனை ஏற்றிய லாரி குடைசாய்ந்து முக்கால் மணி நேரம் தாமதம். கார் பேட்டரி மாற்ற வேண்டும்.

ஸ்டேஷன், பத்திரிகைக் கட்டுரைக்குப் பின்னால் தேவைப்படும் என்பதால்: மலாயா காலத்தில் ரப்பர் தோட்டத்துக்காகக் கட்டியது. பாதையை நகர்த்தி மின்ரயில் விட்டபோது கைவிடப்பட்டது; மாஸ்டர் பதவி அதற்கு வெகு முன்பே எடுக்கப்பட்டுவிட்டது. ரயில்கள் இப்போது வேலிக்கு அப்பால் நிற்காமல் போகின்றன. பழுதுபார்த்துப் பொதுமக்கள் பார்வைக்குத் திறக்கிறார்கள்: தொண்டர்கள் பதினான்கு பேர், ஒழுங்காக வருவது ஏழெட்டு. தலைவர் செல்வநாதன் (இனி செ.), ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், ரஹாங்கில் வீடு, யாழ்ப்பாண வம்சாவளி. ரவி, லாரி ஓட்டுநர், தச்சுவேலையும் வரும், வாயும் நீளம். லீவு போட்டுவிட்டு வந்திருக்கிறான்.

பாக்கி வேலை:
கூரை ஓடு, தெற்குப் பக்கம்
டிக்கெட் ஜன்னல் கம்பி, துரு
கழிவறை இரண்டு
பெயர்ப்பலகை, நான்கு மொழியிலும்

புஷ்பம் அக்கா முழங்கால் போட்டுத் தரை தேய்த்துக்கொண்டிருந்தார். வயது 67. நீலாயில் ஒரு தொழிற்சாலைக் கேண்டீனில் வேலை பார்த்து ஓய்வு. ஐந்து மாதமாக ஒரு நாள் தவறியதில்லையாம். ரிப்பனை வெட்டப்போவது அவர்தான். பேனர் வந்துவிட்டது: ‘கடைசி ஸ்டேஷன் மாஸ்டர் காளிமுத்துவின் மகள் திறந்து வைக்கிறார்.’ அப்பாவின் படத்துக்குக் கண்ணாடி போட்டு மாஸ்டர் அறையில் மாட்டியாகிவிட்டது.

அவர் சொன்னது, அப்படியே:

“எங்கப்பா தொப்பி போட்டுக்கிட்டு வருவாரு தம்பி. பிளாட்பாரத்துல ஏறுனாருன்னா எல்லாரும் எந்திரிச்சு ஒதுங்கி நிப்பாங்க. தோட்டத்து ஆபீஸ் கிராணியே ஒதுங்குவாரு. அவ்ளோ மரியாத. ‘மாஸ்டர் வந்துட்டாரு, வண்டி வந்துரும்’னு சத்தம் போடுவாங்க.”

அப்போது அவருக்கு எட்டு வயது. அந்த வருடமே அப்பா இறந்துபோக, அத்தை பகாவுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். அம்மா அதற்கு முன்பே இல்லை. அப்பாவைப் பற்றி வேறு என்ன நினைவிருக்கிறது என்று கேட்டேன். யோசித்தார். “இதான் தம்பி. இது போதாதா?”

படம்: ஸ்டேஷன் தொப்பி, காக்கி அரைக்கால் சட்டை, விறைப்பாக ஒரு சலாம். வெறுங்கால்.

மாஸ்டர்கள் செருப்பில்லாமல் வேலைக்கு வருவார்களா? பார்க்க வேண்டும்.

செவ்வாய், ஜூன் 10

வெயில். சர்க்கரை மாத்திரை தீர்ந்தது.

டிக்கெட் அறை அலமாரிக்குப் பின்னால் கிடந்த ரயில் பதிவேடுகளைப் புரட்டினேன். கரையான் தின்றது போக மீதி. தினமும் மாஸ்டர் கையெழுத்துப் போட்டிருக்கிறார். மூன்று பேருடைய கையெழுத்து மாறி மாறி வருகிறது. காளிமுத்து இல்லை. தற்காலிகமாக வந்தவர்கள் பெயர்கூட உண்டு. அதிலும் இல்லை.

வீட்டில் மனைவி சரோஜா: “எல்லாத்தையும் நோண்டணுமா? ஒரு ரிப்பன் வெட்டுறாங்க, வெட்டிட்டுப் போகட்டுமே.”

இரண்டு ஆதாரம் இல்லாமல் ஒருவர் பெயரை அச்சில் ஏற்றியதில்லை. இந்த வயதில் பழக்கத்தை மாற்ற முடியாது என்றேன்.

கெலாடியில் வேலை பார்த்த சிக்னல்காரர் ஒருவர் உயிரோடு இருக்கிறார். அந்தோணி. நீலாயில் மகள் வீட்டில். நாளை பதினொரு மணி.

புதன், ஜூன் 11

நீலாய். பதினான்காவது மாடி. லிப்ட் இரண்டில் ஒன்று வேலை செய்யவில்லை.

அந்தோணி ஐயா, 86. காது கேட்கிறது, ஞாபகம் சுத்தம். மூன்று மாஸ்டர்கள் பெயரையும் நான் சொல்வதற்கு முன்பே வரிசையாகச் சொன்னார். பதிவேட்டோடு பொருந்துகிறது.

காளிமுத்து என்று ஒரு மாஸ்டர் என்றேன்.

முதலில் புரியவில்லை. புரிந்ததும் சிரிக்க ஆரம்பித்தார். இருமல் வந்து, மகள் தண்ணீர் கொண்டுவந்து, மறுபடி சிரிப்பு.

“மாஸ்டரா? அடப்பாவி. அவன் தோட்டத்துக் கக்கூஸ் வாளி எடுக்கிறவன்யா! லயத்து வாளியெல்லாம் எடுத்து, தள்ளுவண்டியில வச்சு, டேசனுக்குப் பின்னால குழியில கொட்டுவான். காலையில ரயில் வர்ற நேரத்துக்குக் கரெக்டா அவன் வண்டியும் வரும். பிளாட்பாரத்த ஒட்டித்தான் பாதை. தூரத்துல பார்த்ததுமே நாங்க கத்துவோம்ல, ‘மாஸ்டர் வந்துட்டாரு, வண்டி வந்துருச்சு!’ அவ்ளோதான், அத்தன பேரும் மூக்கப் பொத்திக்கிட்டு எந்திரிச்சு ஓடுவான். கிராணி முதல்ல ஓடுவாரு.”

தொப்பி?

“என்னுது. பழசு. நான்தான் அவன் தலையில வச்சேன். வச்சிட்டு சலாம் போட்டேன். அவனும் போட்டான். அதுக்கப்புறம் தினமும் போடுவான்லா. யாரோ வெள்ளக்காரன் வந்தப்ப அத போட்டோ வேற புடிச்சான்.”

கோபப்படவே மாட்டாரா என்று கேட்டேன்.

“எதுக்குக் கோபம்? பட்டப்பேருதானே. எனக்கும்தான் இருந்துச்சு.” என்ன பேர் என்று சொல்ல மறுத்துவிட்டார்.

மகள் இருப்பதாகச் சொன்னேன். அவர்தான் திறந்து வைக்கிறார் என்றும் சொன்னேன். கண்ணைத் துடைத்துக்கொண்டார். சிரித்ததில் வந்த கண்ணீர்தான்.

இரண்டு ஆதாரம் ஆயிற்று. திரும்பும் வழியில் பேட்டரி மாற்றினேன்.

வியாழன், ஜூன் 12

செ.யிடம் சொன்னேன். மாஸ்டர் அறையில், கதவைச் சாத்திக்கொண்டு, அந்தப் படத்துக்குக் கீழே. நமக்குள் இருக்கட்டும் என்று கேட்டுக்கொண்டேன்.

முதலில் அசையவில்லை. பிறகு தோள் குலுங்கியது. வாயைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டார்.

“ஓம், எனக்கு முதலே ஒரு சந்தேகம். அந்தக் காலத்தில மாஸ்டர் எண்டால் பெரும்பாலும் எங்கட ஆட்கள்தானே. காளிமுத்து எண்டொரு மாஸ்டர் எப்பிடி வாறது?”

சந்தேகம் இருந்தால் ஏன் பேனர் அடித்தீர்கள் என்று கேட்டேன்.

“அந்த அம்மா அவ்வளவு வேலை செய்யிறா. சந்தோசமா இருக்கட்டும் எண்டுதான்.” பேனரை மாற்ற முடியாது, சட்டமன்ற உறுப்பினர் அலுவலகத்துக்குத் தகவல் போய்விட்டது. “இப்பிடியே விடுவம். ஆருக்கு நட்டம்? நீங்கள் மட்டும் பேப்பரில பார்த்து எழுதுங்கோ.”

படத்தை நிமிர்ந்து பார்த்தார். “சலாம் வேற வைக்கிறான்.” மறுபடி கைக்குட்டை.

மாலை மழை. கூரையில் புது ஓடு போட்ட இடத்திலேயே ஒழுகல்.

வெள்ளி, ஜூன் 13

எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. செ. ஒருவரிடம் மட்டும் சொன்னாராம். ஒருவர் போதும்.

11:20. புஷ்பம் அக்கா வாளியோடு பிளாட்பாரத்தில் ஏறினார். கூரையிலிருந்து ரவி:

“மாஸ்டரம்மா! வண்டி வருதா?”

கூரை வேலைக்குக் கட்டிய சாரத்தில் நின்ற நால்வரும் சிரித்தார்கள். ஒருவன் மூக்கைச் சொறிவதுபோல் பொத்தினான்.

அக்காவும் சிரித்தார். முகமெல்லாம் மலர்ந்து. வாளியைத் தூக்கிக் காட்டி, “வருது வருது, ஒதுங்குடா!” என்றார்.

இன்னும் பெரிய சிரிப்பு. ஒருவன் சாரத்திலிருந்து இறங்கி வந்து சலாம் வைத்தான். அவர் பதில் சலாம் வைத்தார்.

மதியம் என் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார். “எல்லாரும் அப்பா பேர வச்சே கூப்பிடுறாங்க தம்பி. ரவி எவ்ளோ அன்பான புள்ள பாத்தீங்களா?”

குழம்பை இன்னும் கொஞ்சம் ஊற்றிக்கொண்டேன்.

வேலைப் பட்டியலில் மாற்றம், செ. கையெழுத்தில்: கழிவறை இரண்டும், புஷ்பம். அவரிடம் சொன்னது: “நீங்கள் செய்தால்தான் சுத்தமா இருக்கும் அக்கா.” அதற்கும் மகிழ்ச்சி.

திங்கள், ஜூன் 16

வெயில். சனி, ஞாயிறு போகவில்லை. உறவில் ஒரு கல்யாணம், சோறு வேகவில்லை.

ஆசிரியர் போன். என்னைவிட இருபத்தைந்து வயது சின்னவர். மாஸ்டர் மகள் கதைக்கு அரைப் பக்கம் ஒதுக்கியிருப்பதாகச் சொன்னார். உண்மையைச் சொன்னேன்.

“அண்ணே, இதுதான் ஸ்டோரி! முழுப் பக்கம் தர்றேன். வாளி தூக்குனவர் மகள் ரிப்பன் வெட்டுறாங்க. ஜனங்க அழுவாங்கண்ணே.”

அக்காவுக்கு இன்னும் தெரியாது என்றேன்.

“பேப்பர்ல பாத்துத் தெரிஞ்சிக்கட்டும். அந்த முகத்தை ஒரு போட்டோ எடுக்க முடியுமா?”

சம்பந்தப்பட்டவரிடம் கேட்காமல் எழுத மாட்டேன் என்றேன். கேளுங்கள், ஆனால் 22ஆம் தேதி ஞாயிறு மாலை நான்குக்குப் பக்கம் மூடும் என்றார்.

சரோஜாவிடம் கேட்டேன். “சொன்னா உடைஞ்சு போயிருவாங்க. சொல்லாம விட்டா ஊரே சிரிக்கும், அவங்களும் கூடச் சேர்ந்து சிரிப்பாங்க. ரெண்டுல எது கேவலம்னு நீங்களே பாத்துக்குங்க. செல்வநாதன் சார்கிட்ட சொல்றதுக்கு முன்னாடி என்னைக் கேட்டீங்களா?”

கேட்கவில்லை.

புதன், ஜூன் 18

பெடாஸ். புஷ்பம் அக்காவின் மலிவு விலை வீடு, இரண்டாம் மாடி. பிற்பகல் மூன்று மணி. ஸ்டேஷனில் காலை வேலை முடித்து வந்து, சனிக்கிழமைக்கான சேலையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். பச்சை, சிவப்புக் கரை. “இது போதுமா தம்பி, பெரிய மனுசங்க வர்ற எடத்துக்கு?” பாலில்லாத தே ஓ போட்டுக் கொடுத்தார்.

சுற்றி வளைக்கவில்லை. குறிப்பேட்டைத் திறந்து அந்தோணி ஐயா சொன்னதை வரிசையாகப் படித்தேன். கூட்டவில்லை, குறைக்கவில்லை. அவருடைய சிரிப்பை மட்டும் விட்டுவிட்டேன். அது குறிப்பில் இருந்தது.

இஸ்திரிப்பெட்டியை நிமிர்த்தி வைத்தார்.

“வண்டின்னா... ரயிலு இல்லையா?”

“இல்லக்கா. தள்ளுவண்டி.”

“எந்திரிச்சு ஒதுங்குனது?”

“நாத்தத்துக்கு.”

சேலை மடிப்பைக் கையால் தடவிக்கொண்டே இருந்தார். கீழே யாரோ மோட்டாரை உதைத்து உதைத்து ஸ்டார்ட் செய்துகொண்டிருந்தார்கள். அது கிளம்பிப் போயிற்று.

“ரவி பய மாஸ்டரம்மான்னு கூப்பிட்டது, தெரிஞ்சா?”

“தெரிஞ்சுதான்.”

“எப்பலேருந்து?”

“வெள்ளிக்கிழமை.”

“அன்னிக்கி நான் வாளியத் தூக்கிக் காட்டுனேன்ல.” சேலையை நான்காக மடித்தார். “யாரு சொன்னா அவங்களுக்கு?”

“நான் செல்வநாதன் சார்கிட்ட சொன்னேன். அவர் மூலமா.”

“என்கிட்ட சொல்றதுக்கு முன்னாடியா?”

“ஆமாக்கா. ஆறு நாள் முன்னாடி.”

இஸ்திரிப்பெட்டியின் வயரைப் பிடுங்கினார். “டீ ஆறுது பாருங்க,” என்றார்.

குடித்தேன். பேப்பரில் போடலாமா என்று கேட்க வேண்டியிருந்தது. கேட்டேன். வாசல் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார்.

வியாழன், ஜூன் 19

வரமாட்டார் என்று நினைத்தேன். எட்டு மணிக்கே வந்திருக்கிறார். ஒரு கழிவறை முடிந்து இரண்டாவதில் இருந்தார். அவருக்குத் தெரிந்துவிட்டது என்று ரவிக்குத் தெரியாது. வாளியோடு அவர் வெளியே வந்ததும் வழக்கம்போல்:

“மாஸ்டரம்மா! வண்டி வருதா?”

அக்கா நின்றார். நிமிர்ந்து பார்த்தார்.

“வருது. மூக்கப் பொத்திக்கடா.”

சுத்தியல் சத்தம் நின்றுபோயிற்று. ரவி கூரையில் உட்கார்ந்துவிட்டான்.

அக்கா வாளியைப் பிளாட்பாரத்தின் நடுவில் வைத்துவிட்டு செ.யிடம் போனார். கை ஈரத்தைச் சேலையில் துடைத்துக்கொண்டார்.

“சார், அந்த பேனர்ல மாஸ்டர்ங்கிறத எடுத்துருங்க. எங்கப்பா என்ன வேல பாத்தாரோ அதப் போடுங்க. போட்டா ரிப்பன் வெட்டுறேன்.”

செ.: “அக்கா, கொஞ்சம் யோசியுங்கோ. கக்கூஸ் எண்டு பேனரில எப்பிடிப் போடுறது? சட்டமன்ற ஒய்.பி. வாறார்.”

“வேல பாத்த எடம்தானே இது.”

“தோட்டத்து வேலை அக்கா அது. ஸ்டேஷன் வேலை இல்லை. ரயில்வேக்கும் அவருக்கும் ஒரு சம்பந்தமும் இல்லையே.”

சரியான தகவல். மறுக்க முடியாது. இருந்தாலும் செ. அதைச் சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார், நான் ஆமோதிக்க வேண்டும் என்பதுபோல. ஆமோதித்தேன்.

அக்கா இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். திரும்பிப் போய் இரண்டாவது கழிவறையை முடித்தார்.

மதியம் ரவி என்னை வேலியோரம் தள்ளிக்கொண்டு போனான். “ஏண்ணே சொன்னீங்க? நாங்க பாட்டுக்கு சிரிச்சுக்கிட்டிருந்தோம், அவங்களும் சந்தோசமா சிரிச்சுக்கிட்டிருந்தாங்க. இப்ப நான்தான் கெட்டவனா?”

மின்ரயில் போயிற்று.

வெள்ளி, ஜூன் 20

காலை மழை, பிறகு புழுக்கம்.

பேனரில் ‘கடைசி’யிலிருந்து ‘மகள்’ வரை வெள்ளைத் தாள் ஒட்டியாயிற்று. மிச்சம்: ‘திறந்து வைக்கிறார்.’ யார் என்று இல்லை. யாரும் கவனிக்க மாட்டார்கள் என்கிறார் செ. ரிப்பன் வெட்டுவது சட்டமன்ற உறுப்பினர்.

காளிமுத்து படம் இறக்கப்பட்டது. ‘சரிபார்க்கும்வரை’ என்று செ. சொல்கிறார். சரிபார்க்க என்ன இருக்கிறது என்று கேட்டேன். கமிட்டி கூடித்தான் முடிவு செய்யுமாம், செவ்வாய் 24, மாலை ஐந்து. படம் டிக்கெட் அறையில், தரையில், சுவரைப் பார்த்தபடி.

புஷ்பம் அக்கா வரவில்லை. ஐந்து மாதத்தில் முதல் முறை.

சனி, ஜூன் 21

நல்ல வெயில். கூட்டம் நூற்றுக்குக் கிட்டத்தட்ட, நான் எண்ணியது 94. நாசி லெமாக் பொட்டலம், தண்ணீர் பாட்டில். பெயர்ப்பலகை அழகாக வந்திருக்கிறது, தமிழில் ‘கெலாடி’ எழுத்துப் பிழையில்லாமல்.

புஷ்பம் அக்கா வந்தார். பச்சைச் சேலை. கடைசி வரிசை, தூணோரம். செ. பார்த்தார், முன்னால் வரும்படி கூப்பிடவில்லை.

10:25 ரிப்பன். 10:40 சட்டமன்ற உறுப்பினர் பேச்சு. அவருக்குக் கொடுத்த உரையை யாரும் திருத்தவில்லை. போன வாரமே அனுப்பியது. படித்துக்கொண்டே போனார், மலாயில். கடைசி ஸ்டேஷன் மாஸ்டர் என்சே (திரு.) காளிமுத்துவின் மகள் இன்று நம்மோடு இருக்கிறார், அவருக்கு ஒரு கைதட்டல்.

செ. தரையைப் பார்த்தார்.

வெளியிலிருந்து வந்தவர்கள் தட்டினார்கள். எங்கே என்று திரும்பிப் பார்த்தார்கள். உறுப்பினர் நெற்றிக்கு மேல் கையை வைத்துத் தேடினார். கைதட்டல் ஓயவில்லை. வேறு வழியில்லாமல் அக்கா எழுந்து நின்றார்.

சாரம் நின்ற மூலையிலிருந்து ஒரு சத்தம். மூக்கால் சிரித்த சத்தம். யார் என்று தெரியவில்லை, ரவி இல்லை. அவன் தண்ணீர் பாட்டில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விட்டிருந்தான். சத்தம் அக்காவுக்குக் கேட்டது. முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன், அதனால் தெரியும். உறுப்பினர் கை காட்டும்வரை நின்றார். பிறகு உட்கார்ந்தார்.

எங்கள் போட்டோக்காரர் அந்த முகத்தை எடுத்துவிட்டார். நன்றாக வந்திருக்கிறது.

கூட்டம் கலைந்ததும் அவரே என்னிடம் வந்தார். புதன்கிழமைக்குப் பிறகு முதல் பேச்சு.

“நாளைக்கு எழுதப்போறீங்களா?”

“நீங்க சொன்னாத்தான்.”

“எழுதுனா, எங்கப்பா வேலைக்கு என்ன வார்த்தை போடுவீங்க? கக்கூஸ்னு போடுவீங்களா?”

பத்திரிகையில் துப்புரவுப் பணியாளர் என்று எழுதுவோம் என்றேன்.

ஒருமுறை வாய்க்குள் சொல்லிப் பார்த்தார். “அது வேற யாரோ மாதிரி இருக்கு.”

வேறு என்ன வார்த்தை வேண்டும் என்றேன். யோசித்துச் சொல்வதாகச் சொன்னார். இல்லை, எழுதவே வேண்டாம் என்றும் சொல்லலாம், அதையும் போன் செய்தே சொல்வேன் என்றார். ரவி மோட்டாரில் கொண்டுபோய் விடுவதாகக் கூப்பிட்டான். வேண்டாம் என்று சாலைவரை நடந்து போனார்.

நிலுவை:
படம், கமிட்டி கூட்டம், செவ்வாய் 24, மாலை ஐந்து.
அந்தோணி ஐயாவின் கையெழுத்து, அவர் கூற்றுக்குக் கீழே, மகள் மூலமாக, நாளை காலை.
பக்கம் மூடுவது நாளை நான்கு மணி. கட்டுரை தயார், 610 சொல். இரண்டாம் பத்தியில் காளிமுத்து என்ற பெயருக்கு முன்னால் ஒரு சொல்லுக்கு இடம் காலி. புஷ்பம் அக்கா போன் செய்வதாகச் சொன்ன நேரம்: நாளை, பன்னிரண்டுக்குள்.